ரெண்டு ஸ்டிக்ல ஓடின ஓவர்கிளாக், நாலு ஸ்டிக் போட்டா ஏன் படுத்துடுது?

உங்க டெஸ்க்டாப்பை ஓவர்கிளாக் பண்ணி ஆறு மாசமா நிம்மதியா ஓட்டிட்டு இருக்கீங்கன்னு வைங்க. கடைசி வருஷ ப்ராஜெக்ட் வருது. அன்சிஸ்ல மெஷ் பெரிசாகிட்டே போகுது. இல்லைன்னா ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எமுலேட்டர், அதோட இருபது குரோம் டேப். 16 ஜிபி பத்தலை. காலியா இருக்கிற ரெண்டு ஸ்லாட்ல அதே கம்பெனி, அதே மாடல் ராம் இன்னொரு செட் வாங்கி மாட்டுறீங்க. பயாஸ்ல எதையும் தொடலை. கம்ப்யூட்டர் ஆன் ஆகுது, 32 ஜிபி காட்டுது, சந்தோஷம். ராத்திரி பதினொரு மணிக்கு நீலத் திரை வருது.

உடனே நமக்குத் தோணுறது, "புது ராம் டூப்ளிகேட்". கடைக்கு எடுத்துட்டுப் போறோம். கடைக்காரர் அவர் மெஷின்ல மாட்டி டெஸ்ட் பண்ணிட்டு, "தம்பி, ராம் நல்லாத்தான் இருக்கு"ன்னு திருப்பிக் கொடுக்கிறார். நீங்க சொல்றதும் உண்மை, அவர் சொல்றதும் உண்மை. புது ஸ்டிக்கும் நல்லா இருக்கு, பழைய ஸ்டிக்கும் நல்லா இருக்கு. நாலும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓட முடியலை, அவ்வளவுதான். இது ஏன் நடக்குதுன்னு புரிஞ்சுக்க நம்ம சிலபஸ்ல இருக்கிற ட்ரான்ஸ்மிஷன் லைன் பாடமே போதும். (ஆமாம், இன்டர்னலுக்கு மட்டும் படிச்சுட்டு மறந்துட்ட அதே பாடம்தான்.)

முதல்ல ஒரு விஷயம். மெமரி கன்ட்ரோலர் எங்கே இருக்கு? ஒரு காலத்தில் அது மதர்போர்டுல, நார்த்பிரிட்ஜ்னு சொல்ற தனி சிப்புக்குள்ள இருந்தது. ஏஎம்டி 2003-ல் அத்லான் 64 கொண்டு வந்தப்ப அதை சிபியுவுக்குள்ளேயே வெச்சாங்க. இன்டெல் 2008-ல் முதல் கோர் ஐ7 வந்தப்ப அதே வழிக்கு வந்தது. அதனால இன்னைக்கு நீங்க ராம் ஸ்டிக்கைச் சேர்க்கும்போது சுமை ஏறுறது சிபியுவுக்குள்ள இருக்கிற ஒரு பகுதி மேல. "நான் ராமைத்தானே மாத்தினேன், சிபியு ஓவர்கிளாக் ஏன் போகணும்?"னு கேட்கிறவங்களுக்குப் பாதி பதில் இதுவே.

நம்ம வீட்டு போர்டுகள்ல நாலு ஸ்லாட் இருந்தாலும் சானல் ரெண்டுதான். டிடிஆர்4 போர்டுல ஒரு சானலுக்கு 64 டேட்டா கம்பிகள். அந்த ஒரே கம்பியை ரெண்டு ஸ்லாட் பங்கு போட்டுக்குது. ஸ்லாட் நாலு ஆனதால வழி நாலு ஆகிடாது. ரெண்டு வழியில, வழிக்கு ரெண்டு வீடு. ரெண்டு ஸ்டிக் மட்டும் இருக்கும்போது ஒவ்வொன்னும் ஒரு சானலைத் தனியா வெச்சுக்குது. மூணாவதும் நாலாவதும் வந்ததும் எல்லாரும் கம்பியைப் பகிர்ந்துக்கணும்.

பகிர்ந்துக்கிட்டா என்ன? கணக்கைப் பாருங்க. டிடிஆர்4-3600 அப்படின்னா ஒரு கம்பியில் செகண்டுக்கு 360 கோடி பிட். ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரம் சுமார் 278 பைகோ செகண்ட். மதர்போர்டு காப்பர் கம்பியில் சிக்னல் ஒரு நானோ செகண்டுக்குத் தோராயமா 15 சென்டிமீட்டர் போகும். அப்போ 278 பைகோ செகண்ட்ல அது போற தூரம் 4 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு பிட்டோட "நீளமே" 4 சென்டிமீட்டர்! சிபியு சாக்கெட்ல இருந்து ராம் ஸ்லாட் வரைக்கும் எவ்வளவு தூரம்னு உங்க கேபினட்டைத் திறந்து பாருங்க. ஒரு பிட் போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த பிட் கிளம்பிடுது. இந்த நிலைமையில அதைச் சாதாரண ஒயர்னு நினைக்க முடியாது. அது ட்ரான்ஸ்மிஷன் லைன். இம்பீடன்ஸ் எங்கே மாறுதோ அங்கே சிக்னல்ல ஒரு பகுதி திரும்பி வரும்.

இப்போ நடுவுல இன்னொரு ஸ்டிக்கைச் செருகினா, அந்த இடத்தில் கம்பியில் ஒரு கிளை முளைக்குது. கிளை முனையில் எதிரொலி, அந்த எதிரொலி அடுத்த பிட் மேல வந்து ஏறுது. ஆசிலோஸ்கோப்ல பார்த்தா, நடுவுல கண்ணு மாதிரி திறந்திருக்கிற இடம் சுருங்கும். ஐ டயக்ராம்னு படிச்சிருப்பீங்க. 2666-ல் பிட்டுக்கு 375 பைகோ செகண்ட் இருந்தது, எதிரொலி அடங்க நேரம் இருந்தது. 3600-ல் அந்த நேரம் இல்லை. அதனாலதான் வேகத்தைக் குறைச்சா நாலு ஸ்டிக்கும் சமத்தா ஓடுது.

போர்டு எப்படி வயர் பண்ணியிருக்காங்க என்பதும் முக்கியம். இப்போ வர்ற பெரும்பாலான போர்டுகள் டெய்சி செயின் முறை. கம்பி சிபியுவில் இருந்து முதல் ஸ்லாட்டைத் தொட்டுட்டு ரெண்டாவது ஸ்லாட்ல போய் முடியும். ரெண்டு ஸ்டிக் போடும்போது சிபியுவில் இருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட்ல போடச் சொல்லி மேனுவல்ல இருக்கும், பார்த்திருக்கீங்களா? காரணம் இதுதான். கம்பி முடியிற இடத்தில் ஸ்டிக் இருந்தா சிக்னல் அங்கேயே முடிஞ்சிடும். 1, 3-ல் போட்டா மிச்சக் கம்பி சும்மா தொங்கும், அதுல இருந்து எதிரொலி. டி-டோபாலஜின்னு இன்னொரு முறை இருக்கு. அதில் ரெண்டு ஸ்லாட்டுக்கும் சம தூரத்தில் கம்பி பிரியும். நாலு ஸ்டிக்குக்கு அது நல்லது, ரெண்டு ஸ்டிக்ல உச்ச வேகத்துக்கு டெய்சி செயின் நல்லது. பெட்டி மேல பெரிய எழுத்தில் போடுற வேகம் எல்லாம் ரெண்டு ஸ்டிக் வேகம்தான்.

டேட்டா கம்பியைவிட மோசமான நிலைமை கமாண்ட், அட்ரஸ் கம்பிகளுக்கு. டேட்டா கம்பி ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியா போகும். அட்ரஸ் கம்பியோ ஸ்டிக்ல இருக்கிற எல்லா சிப்பையும் வரிசையா தொட்டுட்டுப் போகும். இங்கேதான் ரேங்க் வருது. 64 பிட் அகலத்தை நிரப்புற ஒரு செட் சிப் ஒரு ரேங்க். 8 பிட் அகலமுள்ள சிப்புன்னா 8 சிப் சேர்ந்து ஒரு ரேங்க். சிங்கிள் ரேங்க் ஸ்டிக் ஒன்னு இருந்தா ஒரு சானலோட அட்ரஸ் கம்பி 8 சிப்பை ஓட்டணும். அதே மாதிரி ரெண்டு போட்டா 16. டூயல் ரேங்க் ஸ்டிக் ரெண்டு போட்டா 32. ஒரே ஆள் 8 பேருக்குக் கேட்கிற மாதிரி பேசுறதுக்கும், 32 பேருக்குக் கேட்கிற மாதிரி அதே வேகத்தில் பேசுறதுக்கும் வித்தியாசம் இருக்கில்லையா? கமாண்ட் ரேட்டை 1டி-யில் இருந்து 2டி-க்கு மாத்துறதுக்கு அர்த்தமே "ஒவ்வொரு கமாண்டுக்கும் ஒரு கிளாக் பதிலா ரெண்டு கிளாக் நேரம் கொடு" என்பதுதான். மெதுவா பேசு, எல்லாருக்கும் கேட்கட்டும்.

இதெல்லாம் ரகசியம் இல்லை. ஏஎம்டியே வெளிப்படையா சொல்லியிருக்கு. ரைசன் 3000 வரிசைக்கு, ரெண்டு ஸ்டிக்னா அதிகாரப்பூர்வ வேகம் 3200. நாலு சிங்கிள் ரேங்க் ஸ்டிக்னா 2933. நாலு டூயல் ரேங்க்னா 2666 தான். டிடிஆர்5-க்கு வந்த ரைசன் 7000-ல் இடைவெளி இன்னும் பெரிசு: ரெண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக்குக்கு 3600. வாங்கும்போது இந்த ரெண்டாவது எண்ணை யாரும் நமக்குச் சொல்றதில்லை.

எக்ஸ்எம்பி ப்ரொஃபைல் ஆன் பண்ணினாலே அது ஓவர்கிளாக்தான் என்பதையும் இங்கே சொல்லிடணும். டிடிஆர்4-க்கு தரநிலை வோல்டேஜ் 1.2, தரநிலை உச்ச வேகம் 3200. எக்ஸ்எம்பி பெரும்பாலும் 1.35 வோல்ட்ல ஓட்டும். அந்த ப்ரொஃபைல் அந்தப் பாக்கெட்ல சேர்ந்து வந்த ஸ்டிக்குகளுக்கு மட்டும் டெஸ்ட் பண்ணினது. ரெண்டு ஸ்டிக் பாக்கெட் ரெண்டு வாங்கினா அது நாலு ஸ்டிக் பாக்கெட் ஆகாது. மாடல் நம்பர் ஒன்னா இருந்தாலும் உள்ளே இருக்கிற சிப் வேற தயாரிப்பாளரோடதா இருக்கலாம்.

என் ரூம்மேட் கதை இதுக்கு நல்ல உதாரணம். மெக்கானிக்கல். ரைசன் 5 3600, ரெண்டு 8 ஜிபி ஸ்டிக் 3600 சிஎல்18-ல், சிபியு எல்லா கோரும் 4.2 கிகாஹெர்ட்ஸ்ல பூட்டி வெச்சிருந்தான். ப்ராஜெக்ட்டுக்காக இன்னும் ரெண்டு 8 ஜிபி சேர்த்தான். நீலத் திரை வந்திருந்தாகூட பரவாயில்லை, வரலை. எப்பவாவது ஒரு குரோம் டேப் சாகும், அவ்வளவுதான். மூணு நாள் சிமுலேஷன் ஓட்டினான். ரிவ்யூவுக்கு முன்னாடி ஃபோல்டரை ஜிப் பண்ணி டெஸ்ட் கொடுத்தா சிஆர்சி எரர். ரீபூட் பண்ணி அதே ஃபைலைத் திரும்ப டெஸ்ட் பண்ணினா பாஸ். இன்னொரு தடவை, வேற ஃபைல்ல எரர்.

இதை நல்லா கவனிங்க, ஏன்னா இது ஒரு நல்ல டயக்னோசிஸ். டிஸ்க்ல ஃபைல் கெட்டிருந்தா ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் எரர் வரணும். ஒரு தடவை கெட்டு, ஒரு தடவை நல்லா இருந்தா, படிக்கிற வழியில் கெடுது. முதல் சந்தேகம் ராம் மேலதான் போகணும். அவனுக்கு வலிச்சது எரர் இல்லை. அந்த மூணு நாள்ல எழுதின ரிசல்ட் ஃபைல்ல எது சரி, எது தப்புன்னு கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒரு ஸ்ட்ரெஸ் வேல்யூவில் ஒரு பிட் புரண்டிருந்தா கிராஃப்ல தெரியலாம், தெரியாமலும் போகலாம். அத்தனையும் திரும்ப ஓட்டினான். நின்னு போற கம்ப்யூட்டரைவிட, நிக்காம தப்பா எழுதுற கம்ப்யூட்டர் ஆபத்துன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

நாங்க என்ன பண்ணினோம்? முதல் வேலை, எல்லாத்தையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டு போறது. எக்ஸ்எம்பி ஆஃப், சிபியு ஓவர்கிளாக் ஆஃப், நாலு ஸ்டிக்கும் உள்ளே. பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ஓட்டினோம். எரர் இல்லை. இந்தப் படியைத் தாண்டாதீங்க. டீஃபால்ட்லயே எரர் வந்தா ஸ்டிக் நிஜமாவே கெட்டது, இல்லைன்னா ஸ்லாட்ல பிரச்சினை. ஒவ்வொரு ஸ்டிக்கா ஒரே ஸ்லாட்ல தனியா போட்டுப் பார்த்து, கெட்டதைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம். டீஃபால்ட்ல பாஸ் ஆனா கடைக்காரரோட சண்டை போட வேண்டாம்.

அடுத்து எக்ஸ்எம்பி மட்டும் ஆன், சிபியு இன்னும் டீஃபால்ட்ல. டெஸ்ட்மெம்5 ஓட்டினா பத்து நிமிஷத்தில் எரர். 2டி மாத்தினோம், எரர் வர்றது தாமதமாச்சு, நிக்கலை. 3200 சிஎல்16-க்கு இறக்கினதும் சுத்தம். இங்கே ஒரு சின்ன கணக்கு போட்டுக் காட்டினப்பதான் அவன் முகம் மாறிச்சு. 3600 சிஎல்18-ல் கிளாக் 1800 மெகாஹெர்ட்ஸ், 18 சைக்கிள், அதாவது 10 நானோ செகண்ட். 3200 சிஎல்16-ல் கிளாக் 1600, 16 சைக்கிள், அதுவும் 10 நானோ செகண்ட். அந்த டைமிங்ல அவன் எதையும் இழக்கலை. பேண்ட்விட்த் ஏட்டுக் கணக்குப்படி 57.6-ல் இருந்து 51.2 ஜிபிக்கு இறங்கினது. ஆனா இப்போ சானலுக்கு ரெண்டு ரேங்க் இருக்கு. ஒரு ரேங்க் ரெஃப்ரெஷ்ல மாட்டிட்டு இருக்கும்போது கன்ட்ரோலர் இன்னொன்னுகிட்ட வேலை வாங்கலாம். அதனால அந்த இழப்பும் முழுசா தெரியாது. எல்லாத்துக்கும் மேல, 16 ஜிபியில் எஸ்எஸ்டிக்கு ஸ்வாப் ஆகிட்டு இருந்த சிமுலேஷன் இப்போ முழுசா ராம்ல உட்காருது. அந்த லாபத்துக்கு முன்னாடி 400 மெகா ட்ரான்ஸ்ஃபர் ஒன்னுமே இல்லை.

மூணாவது படி, சிபியு ஓவர்கிளாக்கைத் திரும்பப் போட்டது. ப்ரைம்95 பிளெண்ட் ஓட்டினா கொஞ்ச நேரத்தில் ஒரு வொர்க்கர் நின்னு போச்சு. ராம் சுத்தம்னு இப்பதானே பார்த்தோம்? அப்போ சிபியு. ஆறு மாசமா ஓடின 4.2 இப்போ ஏன் நிக்கலை?

இதுக்கு ரெண்டு காரணம் சொல்லலாம். ஒன்னு, மெமரி கன்ட்ரோலருக்கு சுமை ஏறி அதோட கரண்டும் சூடும் அதே சிபியு மூடிக்குள்ள சேருது. ரெண்டாவதுதான் எனக்குப் பிடிச்சது. முன்னாடி அந்த ஓவர்கிளாக்குக்கு முழுச் சோதனையே வரலை. ராம் பத்தாம டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரத்தில் சிபியு சும்மா உட்கார்ந்து ஆறிட்டு இருந்தது. இப்போ டேட்டா ராம்லயே இருக்கு. ஆறு கோரும் மூச்சு விடாம வேலை செய்யுது, டெம்பரேச்சர் ஏறுது, விளிம்புல நின்ன 4.2 விழுது. ப்ரைம்95-ல் ஸ்மால் எஃப்எஃப்டி மட்டும் ஓட்டி "ஸ்டேபிள்"னு முடிவு பண்ணியிருந்தான். அது சிபியு கேஷுக்குள்ளேயே சுத்துற டெஸ்ட், ராம் பக்கம் தலை வெச்சே படுக்காது.

பேஸ் கிளாக்கை ஏத்தி ஓவர்கிளாக் பண்ணியிருக்கிறவங்களுக்குத் தனி எச்சரிக்கை. பேஸ் கிளாக் 100-ஐ 103 ஆக்கினா ராமும் கூடவே 3200-ல் இருந்து 3296-க்குப் போகும். ரெண்டு ஸ்டிக்ல அது பெரிசா தெரியாது, நாலு ஸ்டிக்ல அதுவே கடைசி வைக்கோலா இருக்கலாம். மல்டிப்ளையர் வழியா பண்றதே நல்லது.

சூட்டையும் விட்டுடக் கூடாது. டிராம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெப்பாசிட்டர்ல இருக்கிற சார்ஜ். அது ஒழுகிட்டே இருக்கும். அதனால டிடிஆர்4-ல் 64 மில்லி செகண்டுக்குள்ள எல்லா வரிசையும் ஒரு தடவை ரெஃப்ரெஷ் ஆகணும். சூடு ஏற ஏற ஒழுகல் வேகமாகும். 85 டிகிரி தாண்டினா ரெஃப்ரெஷை ரெட்டிப்பா பண்ணச் சொல்லுது தரநிலை. டைமிங்கை நெருக்கமா வெச்சு வோல்டேஜ் ஏத்தியிருந்தா அதுக்கு ரொம்ப முன்னாடியே எரர் வரும். நாலு ஸ்டிக் ஒட்டி ஒட்டி நிக்கும்போது நடுவுல காத்து போகாது. ஜனவரியில் ஏசி ரூம்ல பாஸ் ஆன செட்டிங், மே மாசம் ஹாஸ்டல் ரூம்ல ஃபெயில் ஆனா ஆச்சரியப்படாதீங்க. டெஸ்ட்டை மத்தியானம் ஓட்டிப் பாருங்க. 32 ஜிபியை டெஸ்ட் பண்ண 16 ஜிபியைவிட ரெண்டு மடங்கு நேரம் ஆகும், பழைய "ஒரு மணி நேரம் போதும்" கணக்கு இங்கே செல்லாது.

"வோல்டேஜை ஏத்தினா சரியாகிடும்"னு யூட்யூப்ல சொல்வாங்க. ஓரளவு உண்மைதான். ராம் வோல்டேஜை 1.35-ல் இருந்து கொஞ்சம் ஏத்தினா, மெமரி கன்ட்ரோலருக்குப் போற எஸ்ஓசி வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டினா, விளிம்புல இருக்கிறது நிக்கலாம். ஆனா போர்டு "ஆட்டோ"வில் தானா எவ்வளவு ஏத்துதுன்னு கண்ணால பாருங்க. 2023 ஏப்ரல்ல ரைசன் 7000 எக்ஸ்3டி சிபியுக்கள் சில, சாக்கெட்டோட சேர்ந்து கருகினது செய்தியாச்சு. அதுக்கப்புறம் ஏஎம்டி புது பயாஸ் மூலமா எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்கு மேல போகாதபடி பூட்டினது. எக்ஸ்போ ஆன் பண்ணினப்ப போர்டே அந்த வோல்டேஜை ஏத்தினதுதான் விஷயமே. 200 மெகா ட்ரான்ஸ்ஃபருக்காக, வீட்ல காசு வாங்கி எடுத்த சிபியுவைப் பணயம் வைக்கிறது என் கணக்குல வராது. வேகத்தை ஒரு படி இறக்குறது இலவசம்.

டிடிஆர்5 வெச்சிருக்கிறவங்க ஒரு நம்பிக்கையில் இருக்காங்க: "எங்களுக்குத்தான் ஆன்-டை ஈசிசி இருக்கே". அது சிப்புக்குள்ள இருக்கிற பிட்டை மட்டும்தான் பாதுகாக்கும். நாலு ஸ்டிக் பிரச்சினை வர்றது சிப்புக்கும் சிபியுவுக்கும் நடுவுல இருக்கிற கம்பியில. அங்கே அந்த ஈசிசி எட்டிக்கூட பார்க்காது. அந்த வழியையும் காக்கணும்னா நிஜ ஈசிசி ஸ்டிக், அதை சப்போர்ட் பண்ற போர்டு, சிபியு மூணும் வேணும். இன்னொன்னு: டிடிஆர்5-ல் நாலு ஸ்டிக் போட்டு முதல் தடவை ஆன் பண்ணினா மெமரி ட்ரெய்னிங் நடக்கும், திரை பல நிமிஷம் கறுப்பாவே இருக்கும். செத்துப் போச்சுன்னு நினைச்சு ஸ்விட்சை அணைச்சுடாதீங்க. டீ குடிச்சுட்டு வாங்க. ரொம்ப நேரம் ஆகியும் வரலைன்னா சிமாஸ் கிளியர் பண்ணுங்க.

வாங்கப் போறவங்களுக்கு: இப்போ 16 ஜிபி, அடுத்த வருஷம் 32 வேணும்னு தெரிஞ்சா, ரெண்டு 8 வாங்கி ஸ்லாட்டைக் காலியா வெக்கிறதைவிட, முடிஞ்சா முதல்லயே ரெண்டு 16 வாங்கிடுங்க. ஏற்கெனவே ரெண்டு 8 இருந்தா, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி சிபியு-இசட்ல எஸ்பிடி டேபைத் திறந்து ரேங்க் எத்தனைன்னு குறிச்சுக்கோங்க. அப்புறம் ரெண்டு வழிக்கும் விலை கேளுங்க: பழசை வித்துட்டு ரெண்டு 16 எடுக்கிறது, பழசோட இன்னும் ரெண்டு 8 சேர்க்கிறது. வித்தியாசம் கம்மின்னா முதல் வழி. ரெண்டாவது வழின்னா, உங்க சிபியுவுக்கு நாலு ஸ்டிக் அதிகாரப்பூர்வ வேகம் எவ்வளவுன்னு பார்த்து அதுல இருந்து மேல ஏறுங்க. ரூம்மேட் ரெண்டாவது வழியிலதான் இருக்கான். நாலு ஸ்டிக், 3200, சிபியு டீஃபால்ட் பூஸ்ட்ல. ஜிப் எல்லாம் முதல் தடவையே பாஸ் ஆகுது.